முதலில் வந்தவருக்கு ஏன் தங்கம் கிடைக்கவில்லை? 110 மீட்டர் தடை ஓட்டம், ஓர் அறிமுகம்

தென்கொரியாவின் டேகு நகரில் 2011 ஆகஸ்ட் 29 அன்று உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டி நடந்தது. எல்லைக்கோட்டை முதலில் கடந்தவர் கியூபாவின் டைரோன் ரோப்லஸ். நேரம் 13.14 விநாடி. அடுத்து 13.16 விநாடியில் அமெரிக்காவின் ஜேசன் ரிச்சர்ட்சன், மூன்றாவதாக 13.27 விநாடியில் சீனாவின் லியூ சியாங். ஆனால் பதக்கப் பட்டியல் வேறாக அமைந்தது. தங்கம் ரிச்சர்ட்சனுக்கு, வெள்ளி லியூவுக்கு, நான்காவதாக வந்த பிரிட்டன் வீரர் ஆன்டி டர்னருக்கு வெண்கலம். ரோப்லஸ் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அவருடைய வலது கை, பக்கத்துப் பாதையில் ஓடிய லியூவின் இடது கையில் பட்டது. காரணம் அவ்வளவுதான். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்த ஒரு தொடுகைக்கு உலகத் தங்கத்தையே பறிப்பதா என்று அன்று பலர் கேட்டார்கள். தடை ஓட்டத்தின் கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வியப்பாக இருந்திருக்காது. இந்த ஓட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு டேகு இறுதிப் போட்டியைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பதின்மூன்று விநாடிக்குள் எல்லாமே இருக்கிறது.

அளவுகளிலிருந்து தொடங்கலாம். ஆண்களுக்கான இந்த ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றின் உயரமும் 1.067 மீட்டர், அதாவது மூன்றரை அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே 9.14 மீட்டர். கடைசித் தடையிலிருந்து எல்லைக்கோட்டுக்கு 14.02 மீட்டர். ஏன் இப்படி ஒழுங்கற்ற எண்கள் என்று தோன்றும். இந்த ஓட்டம் இங்கிலாந்தில் கஜக் கணக்கில் பிறந்தது. முதல் தடைக்கு 15 கஜம், இடைவெளி 10 கஜம், மொத்தம் 120 கஜம். பின்னாளில் மீட்டருக்கு மாறியபோது தடைகளை நகர்த்தவில்லை. மிச்சம் இருந்த ஏறக்குறைய ஓரடி நீளத்தைக் கடைசித் தடைக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் ஓடுவது 100 மீட்டர், தடைகளும் தாழ்வானவை. 400 மீட்டர் தடை ஓட்டம் தனி ரகம். அங்கே தடைகளுக்கு இடையே 35 மீட்டர் இருப்பதால் உத்தியே வேறு. இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

மேலே சொன்ன எண்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 9.14. இந்த ஓட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

உலகத் தரத்தில் ஓடும் ஒரு வீரர், தடைக்குச் சுமார் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும்போதே தரையை விட்டு எழும்பிவிடுகிறார். தடையைக் கடந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டருக்குள் காலை ஊன்றுகிறார். ஆக, 9.14 மீட்டரில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் காற்றிலேயே கழிந்துவிடுகிறது. மிச்சம் ஐந்தரை மீட்டர் சொச்சம். அதற்குள் மூன்றே எட்டு வைத்து அடுத்த தடைக்கு எழும்ப வேண்டும். ஓர் எட்டுக்கு இரண்டு மீட்டர்கூடக் கிடைப்பதில்லை. தடையில்லாத 100 மீட்டர் ஓட்டத்தில் முழு வேகத்தில் போகும் முன்னணி வீரர்களின் எட்டு கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் இருக்கும். ரோப்லஸ், லியூ இருவருமே ஆறடிக்கு மேல் உயரம் கொண்டவர்கள், நீண்ட கால்கள். இயல்பாக வரும் எட்டைச் சுருக்கிச் சுருக்கி, அதே சமயம் வேகத்தையும் விடாமல் ஓடியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

ஏன் மூன்று? நான்கு எட்டு வைத்தால் ஒவ்வொரு தடையிலும் முன்னால் நீட்டும் கால் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து வைத்தால் எட்டுகள் மிகக் குறுகி வேகம் போய்விடும். மூன்று வைத்தால் பத்துத் தடைகளையும் ஒரே காலை முன்னால் நீட்டிக் கடக்கலாம். மூன்று எட்டு, ஒரு தாண்டல், மறுபடியும் மூன்று எட்டு, ஒரு தாண்டல். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்கள் இதைத் தகதிமி என்று சொல்லிப் பார்க்கலாம். நான்கு எழுத்தும் ஒரே சீராக விழ வேண்டும், அதுவும் மின்னல் வேகத்தில். ஒரு தடையிலிருந்து அடுத்த தடைக்கு இந்த வீரர்கள் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஒரு விநாடிதான்.

ஓர் எட்டு தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். தடைக்கு மிக அருகில் வந்து சேர்ந்துவிட்டால் செங்குத்தாக எழும்ப வேண்டியிருக்கும். செங்குத்தாக எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் கூடும். காற்றில் இருப்பவரால் வேகத்தைக் கூட்ட முடியாது. தரையை உதைத்தால்தான் வேகம் வரும். உயரத்திலிருந்து இறங்கும்போது உடல் பின்னால் சாய்ந்திருக்கும், கால் அடிப்பதுபோல் ஊன்றும், வேகம் குறையும். வேகம் குறைந்தால் அடுத்த தடை எட்டாத தூரத்தில் இருக்கும். அதை எட்டிப்பிடிக்க எட்டை இழுக்க வேண்டும், இழுத்தால் இன்னும் வேகம் போகும். மூன்றாம் தடையில் செய்த சிறு பிழைக்கு ஏழாம் தடையில் வட்டி கட்ட வேண்டியிருக்கும். வெறும் 100 மீட்டர் ஓட்டத்தில் சற்றுத் தடுமாறினாலும் சமாளித்துக்கொள்ள இடம் உண்டு. இங்கே அடுத்த தடை காத்திருக்காது.

அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் தாண்டு என்று சொல்லித் தருவதில்லை. தடையின் மேல் ஓடு என்றே சொல்லித் தருகிறார்கள். முன்கால் முழங்கால் மடங்கி எழுந்து, தடையை நோக்கி நீள்கிறது. உடல் அந்தக் காலின் மேல் கவிழ்ந்தாற்போல் முன்னால் குனிகிறது. குனிவதால் இடுப்பை அதிகம் உயர்த்தாமலே கடக்க முடிகிறது. பின்கால் பக்கவாட்டில் மடங்கி, முழங்கால் அக்குளை நோக்கி வருவதுபோல் தடையின் மேல் தவழ்ந்து, சுழன்று முன்னால் வந்து முதல் எட்டாக விழுகிறது. இந்தப் பின்காலின் வேலையைத்தான் கற்றுக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள். பள்ளி மைதானங்களில் தடை ஓட்டம் பழகும் பிள்ளைகளைக் கவனித்தால், முன்காலைத் துணிந்து போட்டுவிட்டுப் பின்காலைத் தடையில் இடித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

இடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தடையைத் தட்டிவிட்டால் ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்துத் தடையையும் தட்டிவிட்டு ஓடினாலும், வேண்டுமென்றே செய்யாதவரை, குற்றமில்லை. தடையின் அடிக்கால்கள் ஓடிவரும் வீரரின் பக்கம் நீண்டிருக்கும். அதனால் தட்டினால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. மேல் விளிம்பின் நடுவில் குறைந்தது 3.6 கிலோ எடைக்குச் சமமான விசை பட்டால்தான் அது விழ வேண்டும். எனவே தட்டுவதற்குத் தண்டனையை நடுவர் தர வேண்டியதில்லை, தடையே தந்துவிடுகிறது. ஒவ்வொரு இடியும் கொஞ்சம் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

முன்பெல்லாம் விதி இவ்வளவு தாராளமாக இல்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 51.7 விநாடியில் வென்றவர் அயர்லாந்தின் பாப் டிஸ்டல். கடைசித் தடையைத் தட்டிவிட்டார். தங்கம் அவருக்குத்தான் கிடைத்தது, ஆனால் தடை விழுந்ததால் அவருடைய நேரம் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. இரண்டாவதாக 52.0 விநாடியில் வந்த அமெரிக்காவின் கிளென் ஹார்டின் பெயரில் சாதனை பதிவானது. அந்த விதியைக் கைவிட்டது நல்ல முடிவு. காயப்படுத்தாமல் சாயும் தடைகள் வந்த பிறகு வீரர்கள் அச்சமின்றி விளிம்பை உரசிக்கொண்டு ஓட முடிந்தது. இன்று நாம் பார்க்கும் வேகம் அதன் பலன்.

இனி கைகள். முன்கால் இடது என்றால், அதற்குச் சமன் செய்ய வலது கை முன்னால் நீளும். பின்கால் சுழன்று வரும்போது அந்தக் கை பக்கவாட்டில் விரிந்து பின்னால் போகும். ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர்தான். தடையே கிட்டத்தட்ட அந்த அகலத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆறடி உயர ஆட்கள் எட்டுப் பேர் அக்கம்பக்கமாக, ஒரே நேரத்தில், கைகளை விரித்து எழும்பும்போது கையோடு கை உரசாமல் இருந்தால்தான் அதிசயம். ஏறக்குறைய எல்லாப் பெரிய போட்டிகளிலும் உரசல் நடக்கிறது. பெரும்பாலானவற்றை நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தொடுகையால் மற்றவரின் ஓட்டம் தடைபட்டதா? தடைபட்டது என்றால், தொட்டவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது அவரைக் காப்பாற்றாது.

இப்போது டேகுவுக்குத் திரும்பலாம். ஐந்தாம் பாதையில் ரோப்லஸ், ஆறாம் பாதையில் லியூ. அந்த நேரத்தில் உலக சாதனை ரோப்லஸிடம் இருந்தது. 2008 ஜூனில் செக் குடியரசின் ஆஸ்ட்ராவா நகரில் ஓடிய 12.87 விநாடி. அதற்கு முன் அது லியூவிடம் இருந்தது. 2006இல் லோசானில் ஓடிய 12.88. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 12.91 விநாடியில் தங்கம் வென்று சீனாவையே தெருவில் இறங்கிக் கொண்டாட வைத்தவர் லியூ. 2008இல் சொந்த மண்ணில், பீஜிங் ஒலிம்பிக்கில், குதிகால் தசைநார்க் காயத்தால் முதல் சுற்றிலேயே ஓட முடியாமல் விலகினார். அந்தத் தங்கம் ரோப்லஸுக்குப் போனது. காயத்திலிருந்து மீண்டு வந்த லியூவும் ரோப்லஸும் தோளோடு தோள் நிற்கிறார்கள் என்றால் அந்த இறுதிப் போட்டியின் எடை எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் அங்கே இருந்தது. தொடக்கத்திலிருந்து முதல் தடைக்கு 8 எட்டு வைப்பதே நெடுங்கால வழக்கம். ரோப்லஸ் 7 எட்டில் போனார். ஏழு என்றால் ஒவ்வோர் எட்டும் நீளமாக, பலமாக இருக்க வேண்டும். உயரமானவர்களுக்கு அது முதல் தடைக்கு முன் நெரிசலைத் தவிர்க்க உதவுகிறது. ஆனால் 8 எட்டிலிருந்து 7 எட்டுக்கு மாறுபவர், புறப்படும்போது காலால் உதைக்கும் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால்களை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடது காலை முன்வைத்துப் புறப்பட்டவர் வலது காலை முன்வைத்துப் புறப்படப் பழக வேண்டும். உலக சாம்பியனாகவும் ஒலிம்பிக் சாம்பியனாகவும் இருந்த பிறகு, பயிற்சியாளர் சுன் ஹைபிங்கின் வழிகாட்டுதலில் லியூ இந்த மாற்றத்தைச் செய்துகொண்டுதான் டேகுவுக்கு வந்திருந்தார். அந்தத் துணிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன். அதே ஓட்டத்தில் இருந்த அமெரிக்காவின் ஏரிஸ் மெரிட்டும் பின்னர் ஏழுக்கு மாறி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் 12.80 விநாடி ஓடி உலக சாதனையைத் தன்வசமாக்கினார்.

ரோப்லஸ் நன்றாகப் புறப்பட்டார். லியூ தடைக்குத் தடை நெருங்கி வந்தார். ஒன்பதாம் தடை வரும்போது இருவரும் சமமாக இருந்தார்கள். வேகம் லியூவின் பக்கம் இருந்தது. அங்கேதான் ரோப்லஸின் கை லியூவின் கையில் பட்டது. பத்தாம் தடையில் மறுபடியும் பட்டது. மெதுவாக ஓடும் காட்சியில் பார்த்தால் லியூவின் தோள் பின்னால் திரும்புவது தெரியும். முன்னால் போக வேண்டிய கை போகவில்லை, உடல் முறுக்கிக்கொண்டது, சமநிலை குலைந்தது. கடைசித் தடைக்குப் பிறகு எல்லைக்கோட்டுக்கு இருக்கும் 14 மீட்டரில் வேகத்தை மீட்க வழியே இல்லை. சமமாக வந்துகொண்டிருந்தவர் 0.13 விநாடி பின்தங்கி முடித்தார். சீன அணி முறையிட்டது, ரோப்லஸ் நீக்கப்பட்டார். கியூபாவின் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை.

என் பார்வையில் தீர்ப்பு சரியானதே. சீரான நடை ஒன்றே முதலாக இருக்கும் ஓட்டத்தில், பக்கத்தில் ஓடுபவரின் நடையைக் கலைப்பது அவர் காலைத் தட்டிவிடுவதற்குச் சமம். ரோப்லஸ் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. லியூவும் அவர்மீது கோபம் காட்டவில்லை, நண்பர் என்றே பேசினார். ஆனால் விதி முழு நியாயம் செய்யவில்லை என்பதும் உண்மை. இடைஞ்சல் செய்தவரை நீக்கிவிட்டது, இடைஞ்சலுக்கு ஆளானவர் இழந்ததை யாரும் திருப்பித் தரவில்லை. யாரையும் தொடாமல் தன் பாதையில் சுத்தமாக ஓடிய ரிச்சர்ட்சனுக்குத் தங்கம் போனதில் எந்தத் தவறும் இல்லை. லியூவுக்கு அது எட்டியிருக்குமா என்பதற்குத்தான் விடையே கிடையாது. ஓட்டத்தை மறுபடி நடத்த உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்கு உண்டு; இறுதிப் போட்டியில், உடலை முழுக்கச் செலவழித்துவிட்ட வீரர்களிடம், அதைக் கேட்பது எளிதல்ல.

எட்டு ஆண்டு கழித்து 2019இல் டோஹா உலக சாம்பியன்ஷிப்பில் இதே போன்ற சிக்கல் வந்தது. ஜமைக்காவின் ஒமர் மெக்லியோட் கடைசித் தடைகளில் நிலைகுலைந்து, பக்கத்தில் பதக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஸ்பெயினின் ஒர்லாண்டோ ஒர்தேகாவின் பாதைக்குள் சரிந்தார். மெக்லியோட் நீக்கப்பட்டார். ஸ்பெயின் மேல்முறையீடு செய்ய, ஒர்தேகாவுக்கும் ஒரு வெண்கலம் தரப்பட்டது. பிரான்ஸின் பாஸ்கல் மார்ட்டினோ லகார்ட் பெற்ற வெண்கலம் அவரிடமே இருந்தது. பாதிக்கப்பட்டவரை விதி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்ததுபோல் எனக்கு இருந்தது. அந்த ஓட்டத்தை 13.10 விநாடியில் வென்ற அமெரிக்காவின் கிராண்ட் ஹாலோவே 2022, 2023 உலகப் பட்டங்களையும் வென்றார்.

டேகு முடிவுப் பட்டியலில் இன்னொரு வரியும் கவனிக்கத்தக்கது. வெண்கலம் பெற்ற டர்னரின் நேரம் 13.44. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த அமெரிக்காவின் டேவிட் ஆலிவரின் நேரமும் 13.44. நூறில் ஒரு பங்கு வரை சமமாக இருந்தால், எல்லைக்கோட்டுப் படத்தை வைத்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கிறார்கள். கோட்டைத் தொட வேண்டியது மார்பும் தோளும் அடங்கிய உடற்பகுதி. தலையோ கையோ காலோ கணக்கில் வராது. எல்லோரும் கடைசியில் மார்பை முன்னால் தள்ளிக் குனிவது இதற்காகத்தான்.

தொடக்கத்திலும் இப்படி ஒரு மயிரிழை உண்டு. துப்பாக்கி ஒலித்து 0.100 விநாடிக்குள் ஒருவர் பிளாக்கை உதைத்துவிட்டால், ஒலியைக் கேட்டு அல்ல, ஊகித்துப் புறப்பட்டார் என்று கொள்கிறார்கள். ஒரே முறை தவறினாலும் வெளியேற்றம். டேகுவில் இந்த இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட் இப்படித்தான் வெளியேறினார். அவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிய முந்திக்கொண்டார். 2022இல் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்தது வேறு வகை. 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலனின் புறப்பாடு 0.099 என்று கருவி காட்டியது. ஆயிரத்தில் ஒரு பங்கு. தான் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், தன் ஊர்க்கூட்டத்தின் முன்னால், அவர் ஓடாமலே வெளியேற நேர்ந்தது. அவர் முந்திப் புறப்பட்டார் என்று யாராலும் கண்ணால் சொல்லியிருக்க முடியாது. இந்த எல்லையை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது தேவையா என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

இந்தியாவுக்கும் இந்த ஓட்டத்தில் ஒரு பெருமை உண்டு, அதிகம் பேசப்படாதது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குர்பச்சன் சிங் ரந்தாவா 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிக்குத் தகுதி பெற்று ஐந்தாம் இடம் பிடித்தார். அதன் பிறகு நெடுங்காலம் இந்த ஓட்டத்தில் நம்மவர்கள் உலக மேடையை நெருங்கவில்லை. 2024இல் மகாராஷ்டிரத்தின் தேஜஸ் ஷிர்சே பின்லாந்தில் 13.41 விநாடி ஓடித் தேசிய சாதனை படைத்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. டேகுவில் வெண்கலம் கிடைத்த நேரம் 13.44 என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஓர் ஆண்கள் தடை ஓட்டத்தைப் பார்க்க வாய்த்தால், கால்களை விட்டுவிட்டுத் தலைகளைப் பாருங்கள். தேர்ந்தவரின் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும். தடைக்குத் தடை ஏறி இறங்கும் தலை பின்தங்கப் போகிறது என்று ஐந்தாம் தடைக்குள் சொல்லிவிடலாம். ஏழாம் தடைக்குப் பிறகு கைகளைப் பாருங்கள். களைப்பில் நடை கலைவதும் கைகள் அகலமாக விரிவதும் அங்கேதான் தொடங்குகின்றன. ஓட்டம் முடிந்து நேரம் திரையில் வந்ததும், அதன் பக்கத்தில் சிறிதாக இருக்கும் காற்றின் வேகத்தையும் பாருங்கள். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. தடை ஓட்டத்தில் பின்காற்று எப்போதும் நண்பனும் இல்லை. அது உந்தித் தள்ளி, எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே தடையின் முன் கொண்டுவந்து நிறுத்திவிடும். மெரிட் 12.80 ஓடிய நாளில் பின்காற்று விநாடிக்கு 0.3 மீட்டர்தான் இருந்தது.